மலையோரம் கேட்ட காலடி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் இதுவரை எத்தனை பொய் சொல்லியிருக்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லை என்று தலையாட்டாதீர்கள். முப்பது வருஷம் இதே வேலையில் குப்பை கொட்டியவள் நான். கண் தெரியாதவர்களுக்கு அடுப்பு பற்றவைக்கவும் புடவை கட்டவும் ரோட்டில் நடக்கவும் சொல்லித்தருகிற யாரும் பொய் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது. கருகிப்போன தோசையைத் தின்றுகொண்டே "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்போம். அது போகட்டும். நான் சொல்லப்போவது வேறு மாதிரிப் பொய். அதை நினைத்தால் இப்போதும் பட்டப்பகலில் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் எங்கள் பயிற்சி நிலையம் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தருவதுதான் என் வேலை. அடி அண்ணாமலை கிராமத்தில் முனுசாமி என்கிறவர் வீட்டு முன்னறையிலேயே மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் தங்கை கஸ்தூரிக்கு அப்போது இருபத்து நாலு வயது. முதலில் இருட்டில் பார்வை போய், அப்புறம் பக்கவாட்டில் போய், பத்தொன்பது வயதில் மொத்தமாகப் போய்விட்டது. முதல் நாள் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா? "யாருக்கும் இல்லீங்க" என்றார் முனுசாமி. நான் இல்லை என்று எழுதிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். பேப்பரைப் பார்த்து எழுதினேன்.

கஸ்தூரி கெட்டிக்காரி. மூன்று மாதத்தில் திரி ஸ்டவ் பற்றவைத்தாள், விளிம்பில் விரலை வைத்துக் கொதிக்கிற டீயைத் தம்ளரில் ஊற்றினாள். டப்பாக்களுக்கு ரப்பர் பேண்டு போட்டு அடையாளம் வைக்கக் கற்றுக்கொடுத்தேன்: சர்க்கரைக்கு ஒன்று, உப்புக்கு இரண்டு, ரவைக்கு மூன்று. கற்றுக்கொடுக்கும்போது நானும் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்வேன். அது எங்கள் நிலையத்தின் விதி. அப்படிக் கட்டிக்கொண்டு நிற்கிற சில நாட்களில் வாசற்படியில் யாரோ நிற்பதுபோல எனக்குத் தோன்றும். மூச்சு கேட்கும். துணியை அவிழ்த்துப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். "யாரும்மா அங்க?" என்று கேட்டால் கஸ்தூரி சிரிப்பாள். "டீச்சருக்கு இருட்டுன்னா பயம்" என்று அண்ணியிடம் சொல்லிக் கிண்டல் செய்வாள்.

அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கிரிவலப் பாதையில் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளி ஒரு மாணவர் விடுதி. அங்கே பிரம்பு நாற்காலி பின்ன ஆள் வேண்டும் என்றார்கள். துணை இல்லாமல் தானாக வந்து போக வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. முனுசாமி யோசித்து யோசித்துக் கடைசியில் ஒத்துக்கொண்டார். "ஒரு தடவ வுழுந்தா, ஒருத்தன் ஏதாவது சொன்னா, அந்த ஸ்டிக்க பரண் மேல போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது" என்றார். கஸ்தூரி அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இது நடக்கலைன்னா நான் இந்த அடுப்பங்கரையிலயே கெடந்து செத்துப்போவேன் டீச்சர்."

நடக்கச் சொல்லிக்கொடுப்பதில் அந்தப் பாதையில் ஒரு சிக்கல் இருந்தது. உங்களுக்குத் தெரியும், மலையைச் சுற்றுகிறவர்கள் ரோட்டின் இடது பக்கமாகத்தான் போவார்கள். வலது பக்கம், அதாவது மலையோரம், சித்தர்கள் நடக்கிற பக்கம். அங்கே மனுஷர்கள் கால் வைக்கக் கூடாது. கோல் வைத்து நடக்கிறவளுக்கு மலையோர விளிம்புதான் சௌகரியம். சரளைக்கல் இல்லை, மாடு கட்டுகிறவர்கள் இல்லை. ஆனால் அதில் நடக்கச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? இடது ஓரத்தையே பழக்கினேன். கூட்டமும் வண்டியும் கம்மியாக இருக்கும் என்று உச்சி வேளையைத் தேர்ந்தெடுத்தேன். புளிய மரத்து நிழல்கூட மரத்தடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். குருவி கத்தாது. அந்தப் பாதையில் பகல் பன்னிரண்டு மணி மாதிரி ஒரு நிசப்தத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கஸ்தூரி கன்னத்தில் அடிக்கிற சூட்டை வைத்தே சொல்லிவிடுவாள்.

பதினைந்து நாள் கூடவே நடந்தேன். அதற்கப்புறம் 'நிழல் போவது' என்று எங்கள் பேச்சில் ஒன்று உண்டு. அவர்கள் தனியாக நடப்பதாக நினைத்துக்கொண்டு நடப்பார்கள். நாம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் பின்னால் போவோம். ஆபத்து வந்தால் மட்டும் பிடிப்போம். என்னைப் பழக்கிய மேற்பார்வையாளர் இதில் ரொம்பக் கறார். "பத்து நாள் போ. சொல்லாதே. நீ பின்னால இருக்கேன்னு தெரிஞ்சா அது அவங்க தைரியம் இல்ல, உன்னோட தைரியம்" என்பார். எனக்கு அது வேதவாக்கு. கஸ்தூரியிடம் "நான் டவுனுக்குப் போறேன், நீ விடுதிக்குப் போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு அவள் பின்னாலேயே போனேன். தார் பொசுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ அவள் கேட்டுவிட்டாள். "டீச்சர், என் பின்னால வர்றீங்களா?"

"நான் எதுக்கு வரேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

"நெஜமா?"

"அண்ணாமலையார் சத்தியமா வரலை, போதுமா?"

அந்த ஊரில் அந்தச் சத்தியத்துக்கு மேல் ஒன்று கிடையாது. வாய் கூசாமல் செய்தேன். அவள் முகம் பூரித்துப்போனது, அன்றைக்கு முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பார்த்தாயா, எவ்வளவு நல்ல பொய் என்று நானும் உச்சி குளிர்ந்துபோனேன். முட்டாள்!

பத்து நாள் முடிந்தது. பதினோராம் நாள் நான் போகவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு பெரியவருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது, பஸ் பிடித்துப் போய்விட்டேன். மறுநாள் காலையில் கஸ்தூரி வீட்டுக்குப் போனால், அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"கண்டுபுடிச்சிட்டேன் டீச்சர். நேத்து நீங்க ரொம்ப கிட்ட வந்துட்டீங்க. நான் நின்னா நின்னீங்க, பத்தடியில மூச்சு வாங்குச்சு. ஏன் மலையோரமா நடந்தீங்க? அது தப்பாச்சே?"

"நேத்து நான் ஊர்லயே இல்ல கஸ்தூரி. கீழ்பென்னாத்தூர் போயிருந்தேன்."

"முன்னாடியும் இப்படித்தான சொன்னீங்க? காலடிய வெச்சே நான் சந்தேகப்பட்டேன். வுடுங்க டீச்சர், நான் கோவிச்சுக்கல."

"கஸ்தூரி, நான் சொல்றதைக் கேளு. நிஜமா நான் இல்ல."

"சரி, நீங்க இல்ல" என்று அவள் கண்ணைச் சிமிட்டாத குறையாகச் சிரித்தாள்.

புரிகிறதா உங்களுக்கு? உண்மையைச் சொல்ல என்னிடம் வார்த்தை மிச்சமில்லை. இருந்த ஒரே சத்தியத்தைப் பொய்க்குச் செலவு செய்துவிட்டேன். பின்னால் காலடி கேட்டால் பயப்படாதே, அது உன் டீச்சர்தான் என்று பத்து நாளாக அந்தப் பெண்ணின் உடம்புக்குப் பழக்கியிருக்கிறேன். இப்போது யாரோ ஒருவர் அவள் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, பத்தடி தள்ளி வருகிறார். அவள் சிரித்துக்கொண்டே முன்னால் போகிறாள்.

இதை அண்ணி சரோஜா கேட்டுக்கொண்டிருந்தார். "மலையோரமாவா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அந்தப் பக்கம் யாருங்க நடப்பாங்க? சித்தருங்கதான். கொடுத்து வெச்சவ." உடனே கற்பூரம் எடுக்க உள்ளே போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சித்தருக்கு எதுக்கம்மா மூச்சு வாங்குது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே. மூச்சு வாங்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

முனுசாமியிடம் சொல்லலாம் என்று கடைப்பக்கம் போனேன். அவர் எடைக்கல்லைத் தடவி எடுத்துக்கொண்டிருந்தார். அலமாரியில் பாட்டில்களுக்கெல்லாம் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. கஸ்தூரி வேலைதான் இது என்று நினைத்துக்கொண்டேன். வாய் வரைக்கும் வந்த பேச்சை முழுங்கினேன். சொன்னால் அந்த நிமிஷமே கோல் பரண்மேல் போய்விடும். அதோடு அவள் கதை முடிந்தது. சொல்லாமல் விட்டு அவளுக்கு ஏதாவது ஆனால்? அன்று மத்தியானம் அவள் கிளம்பியபோது நான் பின்னால் போயிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, போகவில்லை. பயம். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவள் பத்திரமாக வந்துவிட்டாள் என்று ஆள் சொன்ன பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

மூன்றாம் நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். பின்னால் போகாமல், முன்கூட்டியே போய்ப் பாதி வழியில், மலையோரம் இருந்த ஒரு பெரிய புளிய மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலம், கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது. வெயில் கொளுத்தியது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ரொம்ப நேரம் கழித்துக் கோல் தட்டுகிற சத்தம் கேட்டது.

கஸ்தூரி இடது ஓரமாக வந்தாள். வழக்கத்தைவிட மெதுவாக. கோலை வழக்கத்தைவிட ஓங்கித் தட்டினாள். யாரும் இல்லாத ரோட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள். "இங்க ஒரு பள்ளம். இங்க கல்லு கெடக்குது. இப்போ வளைவு வருது, மலைச்சூடு கன்னத்துல இருந்து காதுக்குப் போவும், பாத்துக்கோ." யாரிடம் பேசுகிறாள்? என்னிடமா? நான் அங்கே இல்லையே!

அவளுக்குப் பத்தடி பின்னால், மலையோரமாக, முனுசாமி வந்தார்.

அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. தங்கைக்குக் காவலாக அண்ணன் வருகிறார், இதற்கா இவ்வளவு நடுங்கினோம் என்று சிரிப்புக்கூட வந்தது. கூப்பிடலாம் என்று ஓரடி எடுத்துவைத்தேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. வாய் திறந்து, இரைக்க இரைக்க மூச்சு. கையில் கடையில் மாட்டியிருக்கிற பழைய குடை, அதன் நுனியால் தரையைத் தொட்டுத் தொட்டு, வெறுங்காலோடு, தங்கையின் கோல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என்னைக் கடந்து போனார். நான் நிற்பது அவருக்குத் தெரியவே இல்லை. அத்தனை பெரிய மனுஷர், ஊரில் எல்லோரையும் அதட்டுகிறவர், நெற்றி முழுக்கப் பயம் வேர்த்து வழிய நடந்து போனார். குடையின் நுனி பாலத்தின் இடிந்த விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் துழாவியது. அடுத்த அடி வைத்தால் வாய்க்கால். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"ஹக்" என்று ஒரு சத்தம் போட்டு அவர் கண்ணைத் திறந்தார். திறந்த பிறகும் என்னைத் தேடினார். பக்கத்தில்தான் நிற்கிறேன், கையைப் பிடித்திருக்கிறேன், அவர் கண் எங்கெங்கோ அலைந்துவிட்டு, தலையை முழுசாகத் திருப்பின பிறகுதான் என்மேல் வந்து நின்றது. எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

முன்னால் கஸ்தூரியின் கோல் சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது. அவள் வளைவில் மறைந்தாள்.

"சத்தம் போடாதீங்க டீச்சர். அவ காதுல வுழுந்துடும்" என்றார் கிசுகிசுவென்று.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசமாவுது. பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. இப்போ பகல்லயும் மூங்கில் கொழாயில பாக்கற மாதிரி இருக்குது. நாளுக்கு நாள் கம்மியாயிட்டே வருது."

"சரோஜாம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. ரெண்டு பொண்ணு இருக்குது எனக்கு. குடும்பத்துல ஓடற நோவுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?" குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "உங்கள வூட்டுக்குள்ள வுட்டதே நானும் கத்துக்கலாம்னுதான். மொத்தமா போவறதுக்குள்ள கண்ண மூடிக்கினு நடந்து பழகறேன். நீங்க கண்ணைக் கட்டிக்கினு சொல்லித் தரும்போது வாசப்படியிலதான் நிப்பேன். இந்தப் பக்கம் எவனும் நடக்க மாட்டான், யார் மேலயும் இடிச்சுக்க மாட்டேன், அதான் மலையோரமா வந்தேன். தெரிஞ்ச தப்புதான். சாமி மன்னிக்கட்டும்."

"கஸ்தூரிகிட்ட சொல்லலாமே. அவதான் இதுல..."

"ஐயோ, அவகிட்ட மட்டும் வேணாம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சா வேலைக்குப் போவ மாட்டா. அண்ணனப் பாத்துக்கறேன்னு கடையில உக்காந்துடுவா. அவளாவது வெளிய போவட்டும். சத்தியம் பண்ணுங்க டீச்சர்."

அழுதுவிட்டேன். சத்தியமும் செய்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இதைத்தான் இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தங்கைக்காகத்தான் மறைக்கிறார். ஒரு சின்னப் பொய்யில் எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவரை வீட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு விடுதிக்கு ஓடினேன்.

கஸ்தூரி விடுதி வாசலில் தொங்குகிற மணிக்கு அடியில் நின்றிருந்தாள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்த முகமாகக் கேட்டாள்: "இன்னிக்கு என் பின்னால வந்தது யாரு டீச்சர்?"

"நான்தான்" என்றேன். "நீ சொன்னது சரிதான் கஸ்தூரி. மூணு நாளாவும் நான்தான். பொய் சொன்னேன், மன்னிச்சுக்கோ."

அவள் கோலை மடியில் சாய்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கிப்போவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது எங்கண்ணன்" என்றாள். "மொத நாளு நெஜமாவே நீங்கன்னுதான் நெனச்சேன். நேத்து காத்து திரும்புச்சு, மண்ணெண்ணெ வாசனை வந்துச்சு. எங்க கடை மண்ணெண்ணெ. அண்ணன் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியாதா? இது அந்த நடை இல்ல. இது நான் மொத மொதல்ல நடந்த நடை. அப்பவே புரிஞ்சுபோச்சு. இன்னிக்கு நீங்க புளிய மரத்தாண்டேர்ந்து ஓடுன சத்தமும் கேட்டுச்சு. கையப் புடிச்சதும் தெரியும். நீங்க வந்து சொல்லுவீங்கன்னு காத்துக்கினு இருந்தேன்."

"அவர் உனக்காகத்தான்... நீ வேலைய விட்டுடுவேன்னு..."

"நான் ஏன் வுடணும்? கண்ணு இல்லாம கடைய எப்படி நடத்தறதுன்னு சொல்லித் தர எனக்குத் தெரியும். சாயந்தரம் வந்து சொல்லித் தரேன். அது எங்க வூட்டுப் பாடு." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் இன்னும் என்னைக் குத்துகிறது. "நீங்க பின்னால வந்தப்போ வரலைன்னு அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணீங்க. வராதப்போ வந்தேன்றீங்க. இனிமே பின்னால காலடி கேட்டா நான் யாருன்னு நெனைக்கறது டீச்சர்?"

முப்பது வருஷமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நடக்கிறேன்.

"நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்" என்றாள். "சொல்லித் தந்ததுக்கு நல்லா இருப்பீங்க."

கஸ்தூரி அந்த வேலைக்குப் போனாள். பல வருஷம் போனாள். முனுசாமியின் பார்வை முழுக்கப் போன பிறகும் கடை மூடவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில்கூடச் சாமான் மாறாமல் எடுத்துக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். எதற்கும் நான் தேவைப்படவில்லை. நம் வேலைக்கு அதுதான் வெற்றி என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். அதன்பிறகு நான் யாருக்கு நிழல் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: இன்றைக்குப் பின்னால் வருகிறேன், நாளைக்கு வரமாட்டேன். மேற்பார்வையாளர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு விடுதியிலிருந்து நான் தனியாகத் திரும்பி வந்தேன். அதே பாதை, அதே உச்சி வெயில். அழுகையை அடக்கிக்கொண்டு வேக வேகமாக நடந்தேன். புளிய மரத்தைத் தாண்டினதும் என் பின்னால், மலையோரமாக, ஒரு காலடி கேட்டது. வெறுங்கால். நான் நின்றேன், அதுவும் நின்றது. நான் நடந்தேன், அதுவும் நடந்தது. திரும்பிப் பார்த்தேன். பாலம் வரைக்கும் ரோடு காலியாகக் கிடந்தது.

"யாரு?" என்று கேட்டேன்.

இன்னும் உரக்க, அழுகிற குரலில், "யாருன்னு சொல்லிடுங்களேன்!" என்று கத்தினேன். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பத்து நாள் அவளை நான் இப்படித்தான் நடக்க வைத்திருக்கிறேன்.